வெள்ளிக்கிழமைக் கட்டம்

வாரமெல்லாம் கம்ப்ரசர் பழுது பார்ப்பவளுக்கு
ஞாயிற்றுக்கிழமை பூங்கா எதற்கு என்று
அறைத்தோழிகள் கேட்கிறார்கள்.
சத்தம் போடாத ஏதாவது ஒன்றை
பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்,
அவ்வளவுதான்.

திஸா ஆற்றுக்கு இப்பால்
கிஷ்வார்கெர்ட் நிலையத்தில் என்னோடு இறங்கியவர் இருவர்.
இருவரும் எதிர்த்திசையில் போனார்கள்.

சீட்டு ஜன்னலில் எத்தெல்கா,
கையில் பாதி கடித்த ரொட்டி.
"எண்ணூறு ஃபோரிண்ட். வரைபடம் இலவசம்.
ஆனால் அதிலுள்ள மரங்களில் பாதி இப்போது இல்லை."
எங்களுக்கு நடுவே கைபேசி
இரண்டு பேருக்கும் தப்பாகவே மொழிபெயர்த்தது,
புரிந்துவிட்டது.

ஜன்னலுக்குக் கீழே நவம்பர் நாட்காட்டி.
கட்டத்துக்கு ஒரு பெயர்.
ஜிங்கோ மரம் எல்லா இலையையும்
ஒரே காலையில் கொட்டிவிடும், அது எந்தக் காலை?
ஆளுக்கு இருநூறு.
ஜெயித்தவருக்குப் பணம்.
தோற்றவர்கள் இலை பெருக்க வேண்டும்.

மிச்சமிருந்தது ஒரே கட்டம்:
பதின்மூன்று, வெள்ளி.
அதைத் தொட அந்த ஊரில் ஆளில்லை.
எங்கள் கணக்கில் எட்டுதான் ஆகாது என்றேன்,
அன்று தேதி எட்டு.
மங்கையர்க்கரசி என்று எழுதினாள் எத்தெல்கா,
ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டு.
பெயரின் வால் சனிக்கிழமைக்குள் வழிந்தது.

உள்ளே போனால்
மரம் இருக்குமிடத்தில் அலுமினியத் தகடு,
மரம் போன இடத்திலும் தகடு.
நாற்பத்தொன்று என்றது ஒரு பள்ளம்.
மழைநீர் தேங்கி,
அதில் ஒரு வாத்து.

ஏணி மேலிருந்து குரல் வந்தது:
"என் சனிக்கிழமையில் கால் நீட்டியது நீங்கள்தானா?"
ஜொம்போர். கையில் ரம்பம்.
மாளிகை மாடத்திலிருந்து
ஆற்றுக்கு அப்பாலுள்ள தேவாலயக் கோபுரம் தெரிய
மரங்களுக்கு நடுவே ஒரு நேர்கோடு விட்டிருந்தார்
பழைய பிரபு.
கோபுரம் போரில் போய்விட்டது.
கோட்டுக்குள் நீளும் கிளைகளை
இன்றும் ஆண்டுதோறும் அறுக்கிறார்கள்.

ஏன் என்றேன்.
வரைபடத்தில் இருக்கிறது என்றார்.
கொஞ்சம் யோசித்து,
சம்பளமும் இருக்கிறது என்றார்.

மாடத்தில் ஏறிப் பார்த்தேன்.
ஓக்குகள் ஒதுங்கி வழிவிட,
பிளேன் மரங்கள் தோள் குறுக்கி நிற்க,
இருநூறு வருடத்துக் கவனம் அத்தனையும்
போய் முடிந்த இடத்தில்
யாரோ ஒருத்தி
நீலப் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
கிளிப்பைப் பல்லில் கடித்திருப்பாள் என்று நினைத்தேன்,
அவ்வளவு தூரம் தெரியாது.
அவளுக்கும் தெரியாது
ஒரு மலையடிவாரக் காடு முழுக்க
தன் கொடிக்கயிற்றைச் சுட்டிக்கொண்டிருப்பது.
மலையடிவாரம் என்றது தப்பு.
அங்கே மலை இல்லை. வண்டியில் மண் கொண்டுவந்து
குவித்த மேடு அது.

ஜிங்கோவைக் கடைசியில்தான் பார்த்தேன்.
கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு
என்று நமக்குப் படிகள் உண்டு.
அது நாலாம் படியிலேயே
மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது.
அரைமணி நேரம் காத்தேன்.
ஓர் இலை விழவில்லை.
விழாதே, வெள்ளி வரை விழாதே என்று
கட்சிக்காரியாகிவிட்டேன்.

புதன் இரவு ஷிஃப்ட்.
வெளிக் குழாயில் கைவைத்தால் உறைபனி ஒட்டுகிறது.
வெப்பமானியில் மைனஸ் நாலு.
குளிரூட்டுவதுதான் என் பிழைப்பு,
அன்றைக்கு மட்டும் குளிரைத் திட்டினேன்.
நட்டதில்லை, நீர் விட்டதில்லை,
எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காம்பு ஒவ்வொன்றையும்
பிடித்துக்கொண்டு விழித்திருந்தேன்.

வியாழன் காலை செய்தி வந்தது.
படத்தில் தரை தெரியவில்லை, அத்தனை மஞ்சள்.
மரம் குச்சி குச்சியாக,
யாருடைய மரமோ போல.
"பேருந்து ஓட்டுநர் ஜெயித்தார்.
ஞாயிறு ஒன்பது மணிக்கு வாருங்கள்.
துடைப்பம் நாங்கள் தருவோம்.
கையுறை என்ன அளவு?"

ஏழு என்று பதில் போட்டேன்.